அழுக்கில்லை, ஈரம்

விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தரும் சலவைக்கூடத்தில் பதினோரு வருடமாக வேலை பார்த்தவளை எல்லோரும் ‘வக்கீல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிப்படிப்பைத் தாண்டாதவள், ஆனால் நியாயம் என்று பட்டால் லேசில் விடமாட்டாள்.

அவள் இடுப்பில், ரப்பர் ஏப்ரனின் நாடா இறுக்கும் இடத்தில், வட்டமாகச் சிவந்து அரித்தது. மருந்துக்கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். இரண்டே நாளில் அரிப்பு அடங்கியது. மூன்றாவது வாரம் முதுகெல்லாம் படர்ந்து, கழுத்திலும் ஏறியது.

மேற்பார்வையாளர் கழுத்தைப் பார்த்து முகம் சுளித்தார். “ஒழுங்கா குளிக்கறதில்லையா? நாளைலேர்ந்து வராதே. மத்தவங்களுக்கும் ஒட்டிக்கும்.”

அவள் நேராகத் தோல் மருத்துவரிடம் போய், கடையில் வாங்கிய களிம்பையும் காட்டினாள். அவர் தோலை லேசாகச் சுரண்டி, நுண்ணோக்கியில் வைத்து, அவளையே பார்க்கச் சொன்னார். மெல்லிய நூல்கள் கிளைவிட்டிருந்தன.

“பூஞ்சைம்மா. படர்தாமரைன்னு சொல்வாங்களே, அதான். அழுக்குதான் காரணம்னு இல்ல. ஈரமும் புழுக்கமும் இருந்தா தோல்ல குடியேறிடும். ஒருத்தர் போட்டத இன்னொருத்தர் போட்டா ஒட்டும். அந்தக் களிம்பு உடம்போட எதிர்ப்ப அடக்கிடுச்சு. சிவப்பு மறைஞ்சுது, பூஞ்சை கொழுத்துது.”

“குளிக்கலன்னு சொன்னவர் வாய்க்கு என்ன மருந்து டாக்டர்?”

“அதுக்கு மாத்திரை கிடையாது.”

மறுநாள் வேலைக்கு வந்தவள், ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்து மேற்பார்வையாளர் மேசைமேல் போட்டாள். முந்தைய ஷிப்டில் மாட்டியவரின் ஈரம் இன்னும் சொட்டியது.

“ஒட்டும்தான் சார். எனக்கு எங்கேர்ந்து ஒட்டுச்சுன்னு இதக் கேளுங்க.”

“வாய் நீளுது.”

“வட்டமும்தான் நீளுது.”

பின்னால் நின்ற, பிழியும் இயந்திரத்தை ஓட்டுபவள் தயங்கித் தயங்கித் தன் சட்டைக்கையைச் சுருட்டி, அங்கிருந்த சிவந்த வட்டத்தைக் காட்டினாள். அவளைப் பார்த்து இன்னும் மூன்று பேர்.

“எல்லாரையும் அனுப்பிட்டா மெஷின யாரு ஓட்டுவா?” என்றாள் வக்கீல்.

அந்த வாரமே ஆளுக்கு இரண்டு ஏப்ரன் வந்தது. ஒன்று மாட்ட, ஒன்று காய. மன்னிப்பு மட்டும் வரவில்லை. அவளும் விடவில்லை, அவரைப் பார்க்கும்போதெல்லாம், “குளிச்சிட்டுத்தான் வந்தேன் சார்” என்றாள்.

வீட்டில் கணவர் மறைத்து மறைத்துத் தொடையைச் சொறிவதையும் கண்டுபிடித்தாள்.

“டாக்டர்கிட்ட காட்ட வெக்கமா இருக்குடி.”

“வெக்கப்பட்டுக்கிட்டே சொறியுங்க. பூஞ்சைக்கு அதான் வேணும்.” சட்டையை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

அரிப்பு நின்ற பிறகும், மருத்துவர் சொன்ன நாள்வரை இருவரும் மாத்திரையை நிறுத்தவில்லை. இரண்டு மாதத்தில் குணமானது. கழுத்தில் கருமை மட்டும் கொஞ்ச நாள் இருந்தது. அதை அவள் ஒருநாளும் மூடிக்கொண்டதில்லை.