லைட்டை அணைக்காதவள்

நாற்பத்திரண்டு வயதில்தான் என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பேரையூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அவள் ஆசிரியை. பழங்காநத்தத்திலிருந்து பஸ் மாறி மாறிப் போனவள், எங்கள் பழைய காரை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்வர ஆரம்பித்தாள். அந்த நாட்களில் அவள் நடையே மாறியிருந்தது.

ஒரு நாள் காலை கார் கிளம்பவில்லை. பேட்டரி இறங்கியிருந்தது.

"ராத்திரி லைட்டை அணைக்காம வந்திருப்ப," என்றேன்.

"அணைச்சிட்டுத்தாங்க வந்தேன். ஒரு வாரமா ஹாரன் சத்தமே கம்மியா இருக்கு. மழைல வைப்பரும் மெதுவா ஓடுச்சு."

நான் காதில் வாங்கவில்லை. புது பேட்டரி போட்டேன். பத்தே நாளில் கார் திருமங்கலத்தில் நடுரோட்டில் நின்றுவிட்டது. உடன் வேலை பார்க்கும் ஆசிரியைகள் இருவர் அவளோடு இருந்தார்கள். பைக்கில் போய்ச் சேர்ந்த நான் அவர்கள் முன்னாலேயே கத்தினேன்: "ஒரு சுவிட்சை அணைக்கத் தெரியாதவளுக்குக் கார் எதுக்கு?"

அவள் சாவியை என் கையில் வைத்தாள்.

மறுநாள் கார் எலக்ட்ரீஷியன் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிவிட்டு மீட்டரை வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு வோல்ட். இன்ஜினை ஓடவிட்டார். பதினாலை ஒட்டி ஏறியிருக்க வேண்டிய முள் அசையவில்லை. ஹெட்லைட் போட்டதும் இன்னும் இறங்கியது.

"பேட்டரி நல்லாத்தான்ணே இருக்கு. அதுக்குச் சார்ஜ் குடுக்குற டைனமோல கார்பன் தேஞ்சுபோச்சு. ஒரு நேரம் சார்ஜ் ஏத்தும், ஒரு நேரம் ஏத்தாது."

"சார்ஜ் ஏறலைன்னா டேஷ்போர்டுல சிவப்பு லைட் எரியணுமே?"

"அந்த பல்பே பியூஸ் போயிருக்கு. ஆனா ஹாரன் டல்லா அடிச்சிருக்குமே? ஓட்டுனவுக சொல்லலையா?"

அவள் சொல்லியிருந்தாள். "எவ்வளவு ஆகும்?" என்று கேட்டேன்.

வீட்டில் அவள் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். "என் மேலதான் தப்பு," என்றேன்.

"சரிங்க," என்று அடுத்த நோட்டை எடுத்தாள்.

மறுநாள் பஸ்ஸில் போனாள். இரண்டு வருஷமாக அப்படித்தான். கேட்டால், "பஸ்ல உக்காந்து நோட்டுத் திருத்திரலாம்ல," என்பாள். நடுரோட்டில் திட்டிவிட்டு வீட்டுக்குள் மன்னிப்புக் கேட்டேன். அந்த ஆசிரியைகளிடம் இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சில காலைகளில் பஸ் ஸ்டாப் வரை காரில் கொண்டுபோய் விடுகிறேன். சிக்னலில் நிற்கும்போது அவள் இடது கால், அவளையறியாமல், இல்லாத கிளட்சை மிதிக்கிறது.