இன்னாசிராஜ் அடக்கிய ஆட்டம்

கம்பைநல்லூரில் ரேடியோ ரிப்பேர் செய்த இன்னாசிராஜுக்கு உலகத்தில் ஒரே பகைதான், இரைச்சல். எந்த ரேடியோவைக் கொண்டுபோனாலும் உள்ளே தடித்த கண்டன்சர் ஒன்றைப் பற்றவைப்பார். இரைச்சல் அடங்கிவிடும். சில ரேடியோக்களில் பாட்டும் சேர்ந்தே அடங்கியதுண்டு. கேட்டால், ஸ்டேஷன்காரன் கோளாறு என்பார்.

எண்பத்தேழில் ஊருக்குப் பக்கத்திலிருந்த கல்குவாரியில் வெடி வைக்க வைக்க, வீடுகள் விரிசல் விட்டன. இன்னாசிராஜ் வீட்டுச் சுவரில் கையே நுழையும். அந்தோணியாருக்கு நவநாள் செபம் சொல்லி, மனுமேல் மனு போட்டு, அதிர்வை அளக்க ஓர் அதிகாரியை ஊர் வரவழைத்தது. அளவுக்கு மேல் அதிர்ந்தால் குவாரிக்குப் பூட்டு.

அதிகாரி கொண்டுவந்தது ஒரு பெட்டியும், சோடா மூடி அளவில் ஒரு சென்சாரும். சென்சார் ஆடினால் அதிலிருந்து வரும் கரண்டு ஏறி இறங்கும். பெட்டிக்குள் இருக்கும் சிப்பு அதை எண்ணாக்கிக் காட்டும். பஸ் குலுக்கலில் இரண்டுக்கும் நடுவிலிருந்த ஒயர் அறுந்துபோயிருந்தது.

"நமக்கு இது தண்ணி பட்ட பாடுங்க சார்," என்று இன்னாசிராஜ் உட்கார்ந்துவிட்டார்.

இணைத்தார். சும்மா இருக்கும்போது 128 காட்ட வேண்டும். காட்டியது. ஆனால் 127, 129 என்று துளி நடுங்கியது. அவருக்குப் பொறுக்குமா? அதிகாரி டீ குடிக்கப் போன நேரத்தில் ஒரு கண்டன்சரைப் பற்றவைத்தார். கோயில் உபதேசியார் முன்னால் உட்கார்ந்த பிள்ளை மாதிரி எண் அசையாமல் நின்றது.

அதிகாரி வந்து சென்சாரை வீட்டு வாசல் கல்லில் ஒட்டினார். வெடி வைத்தார்கள். இன்னாசிராஜ் வீட்டுக் காரை பெயர்ந்து அதிகாரி தலையில் விழுந்தது. எண் 128.

"அதிர்வே இல்லையே," என்று தலையைத் தட்டிவிட்டுக்கொண்டே அதிகாரி எழுதினார்.

மனைவி பாக்கியமேரி வெளியே வந்தாள். "மண்டையில செவுரு உழுவுது, பொட்டி தூங்குது. உள்ள என்னத்தங்க வெச்சீங்க?"

"கரண்டு சரியில்ல. நீ சும்மா இரு."

அவள் சென்சார் ஒட்டியிருந்த கல்லில் உலக்கையால் ஓங்கி ஒரு குத்து விட்டாள். 128.

ஊரே பார்த்தது. இருபது வருடத்தில் முதல்முறையாக இன்னாசிராஜ் கோளாறு இருக்கும் இடத்தைச் சரியாகச் சொன்னார்.

"நாந்தானுங்க சார். ஆட்டத்தையும் இரைச்சல்னு அமுக்கிப்புட்டேன்."

கண்டன்சரை வெட்டி எறிந்தார். அடுத்த குத்துக்கு எண் துள்ளியது.

"இன்னொரு வெடி வெச்சுப் பாத்துருங்க சார்," என்று கெஞ்சினார்.

குவாரி மேனேஜர் பச்சியப்பன் வருத்தமாக உச்சுக்கொட்டினார். "இன்னைக்கு வெடி தீந்துபோச்சுங்களே."

"வெடிச்சப்ப காட்டுனதத்தான் நான் எழுத முடியும்," என்றார் அதிகாரி. "வேணும்னா புதுசா மனு போடுங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்." மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்.

தீர்ந்துபோன வெடி மறுநாள் காலை பத்து மணிக்கே குவாரிக்கு வந்துவிட்டது. இன்னாசிராஜ் அப்போது மனு எழுதிக்கொண்டிருந்தார்.

"மொத வரியில உங்க தப்ப எழுதுங்க," என்றாள் பாக்கியமேரி. "பேரு பெருசா இருக்கட்டும்."

தாளில் விழுந்த காரையை ஊதிவிட்டு, அவர் தம் பெயரைப் பெரிதாக எழுதினார்.