அக்காவின் பாவாடையில் எனக்கொரு சட்டை

போன தை மாதம் இரண்டு மூட்டை நெல்லின் விலையைக் கொடுத்து, பழைய புடவையில் தைத்த சட்டை ஒன்றை போனிலேயே பார்த்து வாங்கினேன். வயது ஐம்பத்தொன்று. புதிதாக நெய்யாமல், இருக்கிற துணியையே திரும்ப உடுத்துவது பூமிக்கு நல்லது என்று மனைவிக்கு வகுப்பெடுத்தேன். அவள் பீரோவைத் திறந்து தன் பழைய புடவைகளைக் காட்டி, பூமிக்கு இன்னும் எத்தனை வேண்டும் என்று கேட்டாள்.

அசட்டுத்தனம் அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சட்டை மஞ்சள் நிறம், ஊதாப் பூ போட்டது. கிட்டத்தட்ட இதே சட்டையை ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது வாய்க்காலில் அமுக்கியவன் நான். அது இலவசமாகக் கிடைத்தது.

எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கம். தீபாவளிக்குத் தீபாவளிதான் வீட்டுக்குத் துணி வரும். என்னைவிட ஐந்து வயது மூத்த அக்காவுக்குப் பாவாடை தைக்கும்போது அடியில் மூன்று மடிப்பு வைத்துத் தைக்கச் சொல்வாள் அம்மா. டக் என்போம். அக்கா வளர வளர, வருஷத்துக்கு ஒரு டக்கைப் பிரித்துவிடுவாள். மடிப்புக்குள் இருந்த துணியில் வெயில் பட்டிருக்காதா, அந்த இடம் மட்டும் புதுசாகப் பளிச்சென்று ஒரு பட்டையாகத் தெரியும். பட்டையை எண்ணினால் பாவாடை எத்தனை தீபாவளி பார்த்தது என்று சொல்லிவிடலாம். டக் தீர்ந்துபோய் பாவாடை முழங்காலுக்கு ஏறினால், பிறகு அது அக்காவுடையது இல்லை.

அந்தக் கோடை லீவில் அக்கா பக்கத்துத் தெருவில் ஒரு டெய்லரம்மாவிடம் மெஷின் ஓட்டக் கற்றுக்கொண்டாள். மஞ்சள் பாவாடைக்கு அப்போதுதான் டக் தீர்ந்திருந்தது. அதில் தனக்கு ஒரு ரவிக்கை தைத்துக்கொள்ள அவளுக்கு ஆசை. ஆனால் என்னிடம் கிழியாத சட்டை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு போகலாம் என்பதால் எனக்கே வெட்டிவிட்டாள். அவள் முழுதாகத் தைத்த முதல் உருப்படி அதுதான். நான் கோலி, பம்பரம் எல்லாம் போட்டு வைப்பவன் என்று பாக்கெட்டுக்கு மட்டும் இரண்டு தடவை தையல் ஓட்டியிருந்தாள். முதுகில் குறுக்கே ஒரு பளிச் பட்டை. போட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பள்ளிக்கூடத்தில் வேறு மாதிரி பார்த்தார்கள். கடைசி பெஞ்சில் இருந்த ஒருவன் எழுந்து வந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டான்.

"பூக்காரம்மா, மொழம் என்ன வெல?"

ஒரு வாரம் பூக்காரம்மாவாக இருந்தேன். அதற்குள் ஆற்றில் தண்ணீர் விட்டு, எங்கள் வாய்க்காலுக்கும் வந்துவிட்டது. ஒரு சாயங்காலம் சட்டையைக் கழற்றி, பாக்கெட்டில் உள்ளங்கை அளவு கல் ஒன்றை வைத்து, பொத்தான் எல்லாம் போட்டு, மதகுக்குப் பக்கத்தில் ஆழமாகப் பார்த்துப் போட்டேன். வெறும் உடம்போடு வீட்டுக்குப் போய், குளிக்கும்போது தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று அழுதேன். அழுகை நன்றாகவே வந்தது. அக்காதான் என்னைச் சமாதானப்படுத்தினாள்.

விவசாயி வீட்டுப் பிள்ளை, முறைத் தண்ணீரை மறந்திருந்தேன். எங்கள் வாய்க்காலுக்கு மூன்று நாள் தண்ணீர், அடுத்த மூன்று நாள் பக்கத்து வாய்க்காலுக்கு. மறுநாள் காலையில் மதகை அடைத்துவிட்டார்கள். தண்ணீர் வடிந்தது. கல்லைப் போடாமல் சும்மா விட்டிருந்தால் சட்டை நாகூர் கடல் வரைக்கும் போயிருக்கும். கல் அதை அங்கேயே பத்திரமாகப் பிடித்து வைத்திருந்தது.

நடவுக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் தெரு அம்மா ஒருத்தர் அதைச் சேற்றோடு வாசலுக்குக் கொண்டுவந்தார். யார் வீட்டுத் துணி என்று அவர் யாரையும் கேட்கவில்லை. மூன்று வருஷமாக அந்தப் பூ தெருவில் நடந்து போனதைப் பார்த்தவர்தானே.

"இந்தாங்க, உங்க வீட்டுப் பூ மதகுல கெடந்துச்சு. பையில கல்லு ஒண்ணு இருக்கு. தம்பி வெளயாட வச்சிருக்கும்போல, நான் எடுக்கல."

அம்மா அடுப்படியில் இருந்தாள். வாங்கியது அக்கா. கல்லை வெளியே எடுத்தாள். கல்லைப் பார்த்தாள், போட்டிருந்த பொத்தான்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. கல்லைத் துணி துவைக்கிற இடத்தில் போட்டுவிட்டு, சட்டையை அலசிக் கொடியில் போட்டாள். இரட்டைத் தையல் ஒரு நூல்கூட விடவில்லை.

அதை இன்னும் இரண்டு வருஷம் போட்டேன். பிறகு அது தலையணை உறையானது, அப்புறம் லாந்தர் கண்ணாடி துடைக்கிற துணியானது. பூக்காரம்மா என்கிற பெயர் சட்டைக்கு முன்னாலேயே கிழிந்துவிட்டது.

அக்கா இப்போது பாபநாசத்தில் தன் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறாள். கல்யாணச் சீசனில் போனால் உட்கார இடமிருக்காது. என் மனைவிக்கு ரவிக்கை, என் மகளுக்குச் சுடிதார் எல்லாம் அவள் தைத்ததுதான். எனக்கு மட்டும், அந்தக் கல்லுக்குப் பிறகு, ஒரு கைக்குட்டைக்குக்கூட ஓரம் அடித்துத் தந்ததில்லை. நானும் கேட்டதில்லை. நாற்பது வருஷம் ரெடிமேடிலேயே காலத்தை ஓட்டிவிட்டேன்.

பூமியைக் காப்பாற்ற வாங்கிய சட்டையின் பாக்கெட் மூன்றாம் வாரமே செல்போன் கனம் தாங்காமல் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. நான் இப்போது இருக்கும் தஞ்சாவூரில் தெருவுக்கு ஒரு தையல்காரர் இருக்கிறார். நான் சட்டையை எடுத்துக்கொண்டு பாபநாசம் பஸ் ஏறினேன்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சட்டையை உட்புறம் திருப்பினாள். முதலில் பூவைத்தான் தடவினாள். என்ன விலை என்று கேட்டாள். பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அதற்கே தலையில் கை வைத்தாள்.

"உள்ள துணியே விடலயேடா. தையல் எதப் புடிச்சிக்கிட்டு நிக்கும்?"

சட்டைக் கழுத்தின் உள்பக்கம் தைத்திருந்த சீட்டை அவளே எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஒவ்வொரு சட்டைக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது என்று போட்டிருந்தது. சிரித்துவிட்டு பாக்கெட்டை மெஷினில் கொடுத்தாள். இரண்டு தடவை ஓட்டினாள்.

மெஷின் நின்றது. "அன்னைக்கு அது தண்ணியில போகலக்கா" என்றேன்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சட்டையை மடித்துக் கையில் கொடுத்தாள். நான் எழுந்திருக்காமல், எனக்கும் ஒன்று தைத்துத் தரமுடியுமா, துணி உன் இஷ்டம், பூப் போட்டதென்றாலும் சரி என்றேன்.

டேப்பை எடுத்து என் தோளில் வைத்து அளந்தாள். வயிற்றுக்கு வந்தபோது இரண்டு தரம் அளந்தாள். நோட்டில் எழுதினாள். எழுதி முடித்து, நிமிராமலே சொன்னாள்.

"தச்சுத் தரேன். பாக்கெட்டு மட்டும் வெக்க மாட்டேன். கல்லப் போடுறவனுக்கு என்னத்துக்குடா பாக்கெட்டு."