நவச்சாரமும் கஞ்சித் தண்ணியும்

யுத்தம் நடந்துக்கிட்டிருந்த காலம். அரியலூர் ரயில்வே குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். வீட்டுக்காரருக்கு ஸ்டேஷன்ல தந்தி அடிக்கிற வேலை. அந்த மனுஷனோட குடும்பம் நடத்தப் பொறுமை வேணும். எனக்கு அது கிடையாது. எனக்குத் தலைவலின்னா, "லைன்ல கோளாறு"ம்பார். மாமியாரும் நானும் பேசிக்கலைன்னா, "கம்பி அறுந்துடுச்சா?"ம்பார்.

அந்தக் கோடையில எங்க ரெண்டு வயசு மகளுக்கு வாந்தி பேதி. மத்தியானத்துக்குள்ள கண்ணு குழி விழுந்துடுச்சு. அழறா, பொட்டுக் கண்ணீர் வரலை. பேதி போறப்ப தண்ணி குடுத்தா இன்னும்தான் போவும்னு மாமியார் செம்பையே ஒளிச்சு வச்சுட்டாங்க. மெட்ராஸ் வண்டியேற வந்திருந்த பெரம்பலூர் டாக்டர் ஒருத்தரைக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தோம். "உடம்புல செல்லெல்லாம் வறண்டுட்டிருக்கு. திருச்சிக்குக் கொண்டுபோய் உப்புத் தண்ணி ஏத்துங்க"ன்னு சொல்லிட்டு அவர் வண்டியேறிட்டார். திருச்சி வண்டி சாயங்காலம்தான். அதுவரைக்கும் புள்ள தாங்கணுமே!

வீட்டுக்காரர் மட்டும், "செல்லா!"ன்னு துள்ளிக் குதிச்சார். தந்திக்குக் கரண்டு குடுக்கிற கண்ணாடி ஜாடிக்கும் செல்லுன்னுதான் பேராம். அது வத்தினா, பாத்திரத்துக்கு ஈயம் பூசறப்ப போடுவாங்களே, அந்த நவச்சார உப்பைக் கரைச்சு ஊத்துவாங்களாம். ஆபீசுக்கு ஓடி, நவச்சாரப் பொட்டலத்தோட வந்து நிக்கிறார்! "ஈயம் பூசறதுக்கா என் புள்ளையப் பெத்தேன்?"னு பிடுங்கித் தெருவுல வீசினேன்.

"சரி, சோத்து உப்பு போடு"ன்னு கஞ்சித் தண்ணியில உப்பைக் கலக்கினார். மாமியார் குறுக்கே வந்தாங்க. "வத்தின செல்லுக்கு ஊத்தாம இருப்பாங்களாம்மா?"ன்னு ஒரு அதட்டல். நான் அவசரத்துல டம்ளரைச் சாய்ச்சேன், மொத்தத்தையும் கக்கிட்டா. "ஒரேயடியா ஊத்தினா செல்லு வழிஞ்சிடும்"னு சங்கை வாங்கி, இத்துனூண்டு இத்துனூண்டா அவரே புகட்டினார். புள்ள உயிருக்கு ஊசலாடுது, இந்தாளு பேட்டரிக்குத் தண்ணி ஊத்தறாரேன்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் நிறுத்தலை.

வண்டி நேரத்துக்கு அவளைத் தூக்கினேன். வீல்னு கத்தினா. என் தோள் நனைஞ்சுது. பாத்தா, கண்ணீர்! அவளைவிட நான்தான் அதிகமா அழுதேன். தண்ணி குடுத்ததாலதான் பொழைச்சான்னு திருச்சி ஆஸ்பத்திரியிலயும் சொன்னாங்க.

இப்ப டிவியில யாராவது, உடம்புல ஒவ்வொரு செல்லும் ஒரு கம்ப்யூட்டர்னு ஆரம்பிச்சா எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறுது. ஆனாலும், அப்படி ஒரு கோணல் பேச்சுதான் அன்னிக்கு என் வயித்துல பாலை வார்த்துச்சுங்கிறதால, எழுந்துபோய் நிறுத்த மட்டும் கை வர மாட்டேங்குது.