ப்ரைடாவின் கல்

வண்டிக்கார ஸெல்மனுக்கு மூக்குக்கு மேல் கோபம். சந்தையில் எவனாவது அவன் குதிரையைத் தொட்டுவிட்டால் சவுக்குதான் பேசும். அப்பேர்ப்பட்ட முரடன் கல்லறைத் தோட்டத்து வாசலில் மட்டும் அடங்கி நின்றுவிடுவான். அவன் கோஹன், யூதர்களில் பழைய பூசாரி வம்சம். அந்த வம்சத்து ஆண்களுக்குச் சாவுத் தீட்டு ஆகாது, கல்லறைப் பக்கம் கால் வைக்கக் கூடாது. பெற்றோர், மனைவி, பிள்ளைகள் என்று சிலருக்கு விலக்கு உண்டு. கல்யாணமான அக்காவுக்குக் கிடையாது.

அவனை வளர்த்த அக்கா ப்ரைடா பிரசவத்தில் செத்தபோது சுவருக்கு வெளியே நின்றுதான் அழுதான். அற்பாயுசில் போனவள் என்பதற்கு அடையாளமாக ஒடிந்த மெழுகுவர்த்தி செதுக்கிய அவள் கல்லறைக் கல்லைத் தன் வண்டியிலேயே கொண்டுவந்து வாசலில் இறக்கினான். மற்றவர்கள் உள்ளே சுமந்து போனார்கள். எங்கே நட்டார்கள் என்று அவன் கேட்கவில்லை. எப்போது கேட்டாலும் சொல்ல ஊர் இருந்தது.

ஜெர்மன்காரர்கள் வந்து அந்த ஊர் யூதர்களைக் காட்டுக்கு ஓட்டிப் போனார்கள். குழியை அவர்களையே வெட்டவைத்துச் சுட்டார்கள். குழந்தைகளை உயிரோடு தள்ளினார்கள். சாவுத் தீட்டே ஆகாத ஸெல்மன் பிணங்களுக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தான்.

போர் முடிந்து திரும்பியபோது ஊரில் யூதன் என்று அவன் ஒருவன்தான். கல்லறைத் தோட்டத்தில் மாடு மேய்ந்தது, ஒரு கல்கூட இல்லை. பக்கத்து வீட்டுக் கஸ்பரின் பன்றிக் கொட்டில் தரையில், சாணிக்கு நடுவே, ஒடிந்த மெழுகுவர்த்தி தெரிந்தது.

"எங்க அக்கா தலைமேலயாடா பன்னியக் கட்டுன, நாயே!"

"கத்தாதய்யா. செத்தவளுக்கு எதுக்குக் கல்லு? நீ சாகாம வந்ததுதான் தப்பு."

ஸெல்மன் மண்வெட்டிக் காம்பால் அவன் வாயிலேயே போட்டான். பற்கள் சேற்றில் விழுந்தன. கஸ்பர் அரிவாளை வீசினான், ஸெல்மனின் காது பாதி அறுந்து தொங்கியது. வலி உறைக்கவில்லை. கஸ்பரின் வலது கையை முறுக்கி ஒடித்துப்போட்டு, கல்லைப் பெயர்த்து, சங்கிலி கட்டித் தோட்டம்வரை இழுத்துப் போனான்.

வாசலில் கால் தானாக நின்றது. இனி யார் பார்க்கப் போகிறார்கள்? பாழாய்ப்போன கால்! திட்டிக்கொண்டே முதன்முறையாக உள்ளே போனான். எங்கும் புல்லும் மேடும் பள்ளமும்தான். இதில் அக்கா எங்கே? சொல்ல ஒருவர் இல்லை.

கல்லைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தான். கஸ்பர் இன்னும் கொட்டில் வாசலில்தான் கிடந்தான்.

"எங்கடா இருந்துச்சு அது?"

கஸ்பர் ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தான். "புடுங்குனவனே நான்தானே, எனக்குத் தெரியாதா? நீதான் உள்ள வராத சுத்தக்காரனாச்சே!"

ஸெல்மன் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினான். அடிக்க ஓங்கிய கை இறங்கிவிட்டது.

"காட்டுய்யா. உன் கால்ல விழறேன், காட்டு."

கஸ்பர் தள்ளாடிக்கொண்டே தோட்டத்துக்கு வந்து, ஒடியாத கையால் ஒரு புதரோரத்தைக் காட்டினான். ஸெல்மன் அங்கேயே கல்லை நட்டான்.

அதன்பின் சாகும்வரை அவன் அந்த ஊரைவிட்டு நகரவில்லை. கஸ்பரைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் வழிமறித்துக் கெஞ்சுவான்:

"நெசமா அந்த எடந்தானாய்யா?"

கஸ்பர் பல்லில்லாத வாயால் சிரித்துவிட்டுப் போய்விடுவான்.