உறைக்குக் கொடுத்த நெட்டு

திருச்செங்கோட்டுக்கு மேற்கே காட்டுக்குள் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் வயர் இழுத்துத் தர ஒருவரும் வரவில்லை. சிம்மில் வருகிற நெட்டுதான் கதி. அதையும் அளந்துதான் விடுகிறார்கள். ஆபீஸ் மீட்டிங்கில் மேனேஜர் தன் முகத்தைக் காட்டிக்கொண்டே இருப்பார். அந்த முகத்துக்கும் சேர்த்து நான்தான் ரீசார்ஜ் செய்ய வேண்டும்.

அன்று பொழுது சாயும் நேரம், முக்கியமான மீட்டிங்குக்கு நடுவே டேட்டா தீர்ந்துபோனது. மத்தியானம் போட்ட டாப்-அப்பையும் அந்த மீட்டிங்கே குடித்திருந்தது. எரிச்சலோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

அந்த வீட்டு அக்கா அப்போதுதான் விளக்கு வைத்திருந்தார். விளக்கு வைத்த பிறகு பால், மோர், உப்பு என்று எந்த வெள்ளைப் பொருளையும் வெளியே தரமாட்டார். உறை ஊற்ற ஒரு கரண்டி மோர் கேட்டுப் போய் வெறும் கிண்ணத்தோடு திரும்பியிருக்கிறேன். வாசலிலேயே நின்று தயங்கித் தயங்கி நெட்டு கேட்டேன்.

"நெட்டு வெள்ளையாவா இருக்குது? உள்ள வாங்க சாமி," என்று தன் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டார். என் வேலை இன்றும் நிலைத்திருப்பது அந்த வார்த்தையால்தான்.

மீட்டிங் முடிந்தபோது அவருடைய டேட்டாவும் காலி. நான் செருப்பை மாட்டும்போது அவர் போன் அடித்தது. போர்வெல் லாரியோடு வடக்கே போயிருக்கும் அவர் வீட்டுக்காரர். தினமும் இந்த நேரத்தில் இருவரும் வீடியோவில்தான் பேசுவார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இன்னைக்கு மொகம் பாக்க முடியாதுங்க," என்று அக்கா சிரித்தார். "நெட்ட பக்கத்து ஊட்டுக்கு உறைக்குக் குடுத்துட்டனுங்க."