கைருன்னிஸாவின் கதாநாயகிகள்

கைருன்னிஸா நாவல் எழுதுகிறாள் என்று தெரிந்தபோது நிந்தவூர் அவ்வளவாகக் கலங்கவில்லை. வீட்டில் சோறு நேரத்துக்கு ஆகிறதா என்று விசாரித்தார்கள். ஆகிறது என்றதும் விட்டுவிட்டார்கள்.

அவள் பெண்கள் பாடசாலையில் தமிழ் படிப்பித்தாள். கணவர் ஸைனுலாப்தீன் சங்கக்கடை மனேஜர். சம்மாந்துறைக்காரர், கலியாணம் முடித்து, இந்தப் பக்கத்து வழக்கப்படி மனைவி வீட்டில் குடிவந்தவர். வீடும் அதைச் சுற்றியுள்ள வளவும் அவளுக்கு வாப்பா எழுதிக்கொடுத்த சீதனம். ஆனாலும் அவர் அதற்குள் நடக்கிற நடையைப் பார்த்தால், கூரை ஓடுகளைத் தானே சூளையில் சுட்டு அடுக்கியவர் போலிருக்கும்.

நாவலின் முடிவில் கதாநாயகி, கணவனின் கொடுமை தாங்காமல், கைக்குழந்தையோடு அடைமழையில் வீட்டை விட்டு வெளியேறினாள். கைருன்னிஸா படித்த நாவல்களிலும் பெண்கள் அப்படித்தான் போனார்கள். மழையில்லாமல் ஒருத்தியும் போனதில்லை.

எழுபத்தொன்பதில் கல்முனையில் வெளியீட்டு விழா நடந்தது. பெண்களுக்குத் திரைக்குப் பின்னால் இடம், நூலாசிரியைக்கும் அங்கேதான். இலக்கிய வட்டத் தலைவர் காலிதீன் மாஸ்டர், "பெண் விலங்கை உடைத்துவிட்டாள்!" என்று மேசையில் குத்தியதில் சோடாப் போத்தல் உருண்டது. அவருடைய மனைவிக்கு விழாவுக்கு வர அனுமதி கிடைக்கவில்லை. ஏற்புரையை ஸைனுலாப்தீன் நிகழ்த்தினார். "நான் எழுத விட்டன். அதாலதான் இந்த நாவல்" என்றார். பலத்த கைதட்டல்.

வீட்டுக்கு வந்ததும் குரல் மாறியது.

"அடுத்த பதிப்பில அவளத் திருப்பிக் கொண்டு வந்துரு, புள்ள. புருசன்ட கால்ல உழுந்து மன்னிப்புக் கேக்கட்டும். கடைக்கு வாற ஆக்களெல்லாம் என்னப் பாத்துச் சிரிக்கிறாங்க."

"அந்தப் புருசன் நீங்களா எண்டு கேக்கிறாங்களா?"

"கேக்கிறல்ல. அதுதான் கோவம் வருது."

அவள் முடியாது என்றாள். சில நாள் கழித்து, பக்கத்து வளவிலிருக்கும் தங்கை ஸகியா ஒரு பொட்டலத்தோடு வந்தாள்.

"ராத்தா, இஞ்ச பாருங்க. ஒங்கட கதாநாயகி மிளகாய்த்தூளோட வந்திருக்கா."

விற்காத பிரதிகளை மனேஜர் கடைக்குக் கொண்டுபோய், தாள் தாளாகக் கிழித்துச் சாமான் சரை சுற்றிக்கொண்டிருந்தார்.

கைருன்னிஸா தன் புடவைகளைத் தகரப் பெட்டியில் அடுக்கினாள். கதாநாயகியைப் போலவே தலைநிமிர்ந்து வாசலைத் தாண்டினாள். மழை வரவில்லை, மண்டை பிளக்கிற வெயில். வேலி வாசலில், கடப்படியில் ஸகியா மறித்தாள்.

"எங்க போறீங்க?"

"ஊட்ட உட்டுப் போறன்."

"ஆர்ர ஊட்ட?"

கைருன்னிஸா நின்றாள். அந்த நாவல்களெல்லாம் பெண் புருஷன் வீட்டில் வாழ்கிற ஊர்களிலிருந்து வந்தவை என்பது இப்போதுதான் உறைத்தது. அத்தனை அத்தியாயம் எழுதியபோது உறைக்காதது! வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. திரும்பிப் போய்ப் புடவைகளைக் கொட்டிவிட்டு, அவருடைய சாரன்களையும் சேட்டுகளையும் அதே பெட்டியில் திணித்துக் கடப்படியில் வைத்தாள்.

மாலையில் வந்தவர் பெட்டியைப் பார்த்துத் திகைத்தார்.

"இதென்ன? நீ எழுதினபடி பாத்தா நீயெல்லுவா போகணும்?"

"அது கதை. இது எண்ட ஊடு."

பெட்டியோடு சம்மாந்துறைக்குப் போனார். அங்கே உம்மாவின் வீடு எப்போதோ அவருடைய தங்கைக்குச் சீதனமாகப் போயிருந்தது. தங்கை கணவர் நல்ல மனிதர். "எப்ப போறீங்க, மச்சான்?" என்று கேட்கக் கூச்சப்பட்டு, காலையும் மாலையும் நிந்தவூர் பஸ் நேரத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அது பொறுக்காமல் ஸைனுலாப்தீன் பள்ளிவாசல் நிர்வாகிகளான மரைக்காயர்மார் இருவரைக் கூட்டிக்கொண்டு வந்து, முற்றத்தில் நின்று, "மன்னிச்சிரு" என்று முணுமுணுத்தார்.

"ஸகியாவுக்குக் கேக்கல்ல" என்றாள் கைருன்னிஸா.

இன்னொரு தடவை சொன்னார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "கேட்டிச்சு, ராத்தா" என்று குரல் வந்தது. கதவு திறந்தது.

இரண்டாவது நாவலில் கதாநாயகி எங்கேயும் போகவில்லை. புருஷனின் பெட்டிதான் போனது. இம்முறை விழா இல்லை, விமர்சனக் கூட்டம். முதல் நாவலுக்கு மேசையைக் குத்திய அதே காலிதீன் மாஸ்டர் எழுந்தார்.

"பெண் வெளியேறுவது புரட்சி. ஆணை வெளியேற்றுவது மரியாதைக் குறைவு. அதோடு, இதில் யதார்த்தமே இல்லை. நமது பகுதியில் எந்த ஆண் பெட்டியோடு தெருவில் நின்றான்?"

சபை முழுவதும் ஸைனுலாப்தீன் பக்கம் திரும்பியது. பின்னாலிருந்து கைருன்னிஸா திரையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தாள். அவர் கனைத்தார், சால்வையைச் சரிசெய்தார், எழுந்தார்.

"மாஸ்டர், சம்மாந்துறை பஸ்ஸில பெட்டிக்கும் டிக்கட் எடுக்கணும். அத அவ எழுதல்ல. மத்தப்படி எல்லாம் சரி."

முதலில் திரைக்குப் பின்னால்தான் சிரிப்பு வெடித்தது. காலிதீன் மாஸ்டர், அது நாவலுக்கு வெளியே உள்ள விடயம் என்றார்.